கடைசி நாற்பது பக்கங்கள்

டாம்சின் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை.

அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் அந்தப் பன்னிரண்டு புத்தகங்களைக் கண்டெடுத்த நாளிலிருந்துதான். போன வாரக் கதையில் அவளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். பன்னிரண்டும் முதுகு மடங்காத புத்தகங்கள். ஒன்றில்கூடப் பக்க மூலை மடிக்கப்படவில்லை, ஒரு தேநீர்க் கறைகூட இல்லை. அவள் அம்மா நோலா டிரெஸ்கோ படித்த புத்தகம் அப்படி இருக்காது என்பது ஊருக்கே தெரியும். அவள் கையில் ஒரு வாரம் இருந்த புத்தகம் சண்டையில் அடிபட்டது போலத்தான் திரும்பி வரும்.

ஹாரியட் பே என்ற எங்கள் கடலோர ஊரில் கிறிஸ்துமஸுக்கு ஹாம் இறைச்சி வாங்க மறந்தவர்கள் உண்டு. நோலாவிடம் புத்தகம் வாங்க மறந்தவர்கள் கிடையாது. முப்பத்தோரு வருஷமாக டிசம்பர் முதல் வாரம் அவள் புத்தகக் கடையின் வாசல் மேஜையில் பன்னிரண்டு புத்தகங்கள் ஏறும். சரித்திரக் கதை ஆறு, மர்மக் கதை ஆறு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு அட்டை. அட்டையில் அவள் கையெழுத்தில் நாலு வரி. கடைசி வரி மட்டும் எல்லா அட்டையிலும் ஒன்றுதான்: 'கடைசிப் பக்கம் வரை படித்தேன். நோலா.'

அந்த ஒரு வரியை நம்பித்தான் நாங்கள் வாங்குவோம். ஹோபார்ட்டிலிருந்து வருகிற பத்திரிகை என்ன வேண்டுமானாலும் எழுதட்டும்.

ராஸ் இறந்து எட்டு மாதம் ஆகிறது. புருஷன் போனபின் கடையைத் திறப்பாளா என்று ஊர் பேசிக்கொண்டது. திறந்தாள். அந்தப் பன்னிரண்டு புத்தகப் பட்டியல் வருமா என்றது. வந்தது. பன்னிரண்டு அட்டை, பன்னிரண்டு கையெழுத்து. பாவம், என்ன மனுஷி என்று எல்லோரும் மெச்சினோம்.

ஒன்றைக்கூட அவள் படிக்கவில்லை என்பது டாம்சினுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தாள். அந்தப் பன்னிரண்டையும் தானே படித்துவிடுவது என்று உட்கார்ந்தாள். மெல்பர்னிலிருந்து லீவுக்கு வந்தவள், கடலில் கால் நனைக்காமல் மூன்று நாளில் ஆறு புத்தகம் முடித்துவிட்டாள்.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலை ஒன்பதரைக்கே கடையில் நிற்க இடமில்லை. ஆட்டுப்பண்ணைக்கார வாலஸ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நோலாவின் முன்னால் நின்றார்.

"போன வருஷம் ஒண்ணு குடுத்தியே நோலா, அந்தக் கைதிக் கப்பல் கதை! சாப்பிடப் பொண்டாட்டி கூப்பிட்டதே காதுல விழல."

"அது எப்பவும் விழறதில்லையே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாலஸும் சிரித்தார்.

"அதே மாதிரி ஒண்ணு குடு. ஜனவரி முடியற வரைக்கும் தாங்கணும்."

நோலா மேஜையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள். "இத எடுத்துக்கோ. தங்கம் தோண்டற காலம். மலை மேல ஒரு முகாம். பனியில வழி மூடிடுது, உள்ள இருபது பேரு. தினம் காலையில எண்ணிப் பார்த்தா ஒரு ஆள் குறையறான்."

"அடேயப்பா. நாய் வருதா?"

"வருது."

"நாய்க்கு ஒண்ணும் ஆகலையே? அத முதல்ல சொல்லிடு. மனுஷங்க எத்தனை பேரு செத்தாலும் பரவால்ல. நாய் செத்தா எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது."

"ஆகாது, தைரியமா எடுத்துட்டுப் போ."

டாம்சின் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது அத்தியாயத்திலேயே அந்த நாயைச் சுட்டுத் தின்றுவிடுகிறார்கள். நேற்றுக் காலை அதைப் படித்து, அவளுக்கே சோறு இறங்கவில்லை.

"வாலஸ் அங்கிள், அது வேணாம். இதப் பாருங்க." ஓடிவந்து வேறொன்றை அவர் கையில் திணித்தாள். "இதுலயும் இருபது பேருதான். கப்பல்ல. நாய் கடைசி வரைக்கும் நல்லா இருக்கு. கல்யாணம்கூட ஆகுது."

"நாய்க்கா?"

"கப்பல் தலைவனுக்கு."

வாலஸ் போனபின் நோலா மகளைப் பார்த்தாள். "நான் ஒருத்தருக்கு எடுத்துக் குடுத்தா நடுவுல வந்து மாத்தறது என்னடி புதுப் பழக்கம்?"

"சும்மாதான்மா."

"சும்மான்னா?"

டாம்சின் ஏழாவது புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

ஏழாவதின் பெயர் 'சிவப்பு நூல்கண்டு'. பழைய ஹோபார்ட் நகரம். கைதியாகக் கப்பலில் வந்த ஒரு தையல்காரி, அவள் பெயர் ஹெஸ்டர். ஒரு நீதிபதியின் அங்கியைத் தைத்துக்கொடுத்த மறுநாள் அதே அங்கியில் நீதிபதி செத்துக் கிடக்கிறார். பழி அவள்மேல். ஹெஸ்டருக்கு ஒரு பையன், பதினாறு வயது, வாயாடி, அம்மாவைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்கிறவன். டாம்சின் முந்தின நாளே முக்கால்வாசி முடித்திருந்தாள். இன்னும் நாற்பது பக்கம்.

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. அவள் கவனிக்கவில்லை. முப்பது பக்கம் இருக்கும்போது பையன் ஒரு சின்னப் படகில் ஏறினான். அம்மாவுக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளைக் கூட்டிவர எதிர்க்கரைக்குப் போகிறான். இருபது பக்கம் இருக்கும்போது படகு மட்டும் கரைக்கு வந்தது. ஊரே தேடுகிறது. மூன்றாம் நாள் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஹெஸ்டரும் நிறுத்திவிடுகிறாள். கடைசிப் பக்கத்தில் அவளுக்கு விடுதலை கிடைத்து, கப்பலேறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாள்.

டாம்சின் புத்தகத்தை மூடினாள். இதன் இன்னொரு பிரதி வெள்ளிக்கிழமை யார் கைக்குப் போனது என்று அவளுக்குத் தெரியும். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

ரோண்டா பாஸ்கோ. நோலாவோடு ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இரண்டு குளிர்காலத்துக்கு முன், ஒரு ஜூலை மாதம், ரோண்டாவின் ஒரே மகன் ஃபெர்கஸ் கணவாய் மீன் பிடிக்கச் சின்னப் படகில் போனான். இருபத்திரண்டு வயது. படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அதிலிருந்து ரோண்டா எங்கேயும் போவதில்லை, நோலாவைத் தவிர யாரோடும் பேசுவதில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் தெற்கே கடற்கரைக் குடிலில் போய்த் தனியாக இருந்துவிடுவாள். டெலிபோன் எட்டாத இடம். கையில் நோலா கொடுக்கிற ஒரே ஒரு புத்தகம்.

வெள்ளிக்கிழமையும் வந்து நின்றாள், மூன்று வாரமாக யாரும் சீவாத தலையோடு.

"கொலை எத்தனை வேணா இருக்கட்டும்டி. கடலும் வரட்டும், நம்ம ஊர்ல கடல் வராத கதை எங்க இருக்கு? பையன் யாரும் போகக் கூடாது. போனாலும் திரும்பி வந்துடணும்."

நோலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுல அப்படி ஒண்ணும் இல்லடி. ஒரு பையன் வரான், உன்னைச் சிரிக்க வெப்பான். நானே கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன்."

டாம்சின் பின்னறையிலிருந்து வெளியே வந்தாள். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"அம்மா, உள்ள வா."

"ஆள் நிக்கறாங்க, தெரியலையா?"

"இப்போ வா!"

நோலா வந்தாள். மகள் கதவைச் சாத்தினாள்.

"இந்தப் புத்தகத்துல அந்தப் பையன் என்ன ஆறான்?"

நோலா புத்தகத்தின் மேலட்டையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "என்ன கேள்வி இது?"

"சொல்லும்மா. ஹெஸ்டரோட பையன். கடைசியில என்ன ஆறான்?"

"அம்மாவை ஜெயில்ல இருந்து... காப்பாத்தறான்."

"கடல்ல போயிடறான். படகு மட்டும் திரும்பி வருது."

கடையில் யாரோ மணியடித்துக் கூப்பிட்டார்கள். நோலா அசையவில்லை. பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் நீதிபதியைக் கொன்றது யார் என்று கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அட்டை எழுத அவள் நம்பிய பத்திரிகை மதிப்புரைகளிலும் அவ்வளவுதான். இந்தத் தொழிலில் முடிவை வெளியே சொல்லமாட்டார்கள். அது ஒரு மரியாதை. படிக்காமல் விற்கிறவளுக்கு அந்த மரியாதையே குழி வெட்டி வைத்திருந்தது.

"ஒண்ணுகூடப் படிக்கலையாம்மா?"

"உட்கார்றேன்டி. தினம் உட்கார்றேன்." நோலாவின் குரல் உடைந்தது. "கண்ணு வரிமேல போகுது. பக்கம் திரும்புது. ஒண்ணும் உள்ள இறங்கமாட்டேங்குது. உங்கப்பா போனதுல இருந்து ஒரு புத்தகம், ஒரு அத்தியாயம், ஒண்ணும் முடியல. இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அதுவும் போயிடுச்சுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? மெல்பர்னுக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டுவே."

அது உண்மைதான். டாம்சின் வண்டிச் சாவியை எடுத்தாள்.

பதினொன்றரைக்கு நோலா கடையைச் சாத்தினாள். டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி அந்தக் கதவு பகலில் மூடி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. வெளியே எட்டுப் பேர் நின்று, யார் செத்தார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

ராஸின் பழைய யூட் சரக்கு வண்டியை டாம்சின் ஓட்டினாள். தெற்கே ரோண்டாவின் குடிலுக்கு நாற்பது நிமிஷம். பாதிக்கு மேல் சரளைக்கல் பாதை. நோலா பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வாங்கினா. இன்னிக்கு செவ்வாய். முடிச்சிருப்பாளா?" என்றாள் டாம்சின்.

"அவ மெதுவாத்தான் படிப்பா. சின்ன வயசுலயே அப்படித்தான். ஒரு பாடத்த முடிக்கறதுக்குள்ள நான் மூணு முடிச்சுடுவேன்." நோலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "முடிச்சிருந்தா அவ இருக்கமாட்டாடி. போன வருஷமே ஒருதடவை என்கிட்டச் சொன்னா, இனிமே எதுக்கு இருக்கணும்னு. அந்தப் புத்தகத்துல வர்ற அம்மா என்ன பண்றா?"

"தேடறத விட்டுட்டுக் கப்பல் ஏறிடறா."

"கடவுளே."

டாம்சின் சரளையில் வேகத்தைக் கூட்டினாள்.

குடிலின் முன்வராந்தாவில் ரோண்டா உட்கார்ந்திருந்தாள். உயிரோடு. காலை ஒரு பெட்டிமேல் நீட்டிக்கொண்டு, மடியில் ஒரு கிண்ணம் செர்ரிப் பழம், கையில் 'சிவப்பு நூல்கண்டு'. நோலா படியேறுமுன் அப்படியே கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள்.

"அடிப்பாவி, கடையைச் சாத்திட்டா வந்தே? நாளைக்கு உலகம் அழியுதா?" ரோண்டா சிரித்தாள். அவள் சிரித்து டாம்சின் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. தலைகூடச் சீவியிருந்தாள். "வாடி டாம்சின், செர்ரி எடுத்துக்கோ. நோலா, நீ வாயத் திறக்கக் கூடாது. இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. முடிவைச் சொன்னே, கொன்னுடுவேன்."

"ரோண்டா, அந்தப் புத்தகத்தக் குடு."

"மாட்டேன். நேத்திக்கு ராவெல்லாம் தூங்கல தெரியுமா? எனக்கு அழுகைதான் வரும்னு நினைச்சேன், சிரிப்பு வருது. அந்தப் பையன் பேசறதே எங்க ஃபெர்கஸ் மாதிரி இருக்கு. அந்த ஜெயிலர்கிட்டப் போய் உங்க மீசையை எங்கம்மாகிட்டக் குடுங்க, சரியாத் தைச்சுக் குடுப்பாங்கன்னு சொல்றான் பாரு! அவன் சொன்ன மாதிரியே இருந்தது." புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நல்லதா ஒண்ணு குடுத்தேடி. நீ நல்லா இருப்பே."

ஒரு புத்தகக்காரி செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. நோலா அதைச் செய்தாள்.

"அந்தப் பையன் திரும்பி வரமாட்டான்."

செர்ரிக் கொட்டையைத் துப்பப் போன ரோண்டா அப்படியே நிறுத்தினாள்.

"படகுல போறான். படகு மட்டும் வருது. கடைசி நாப்பது பக்கத்துல. படிக்காதடி. நான் படிக்காமதான் உன்கிட்டக் குடுத்தேன். ராஸ் போனதுல இருந்து நான் ஒரு புத்தகமும் படிக்கல. அட்டை எல்லாம் பொய்யி. என்னை என்ன வேணாச் சொல்லு."

ரோண்டா கொட்டையைக் கையில் எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தாள். புத்தகத்தை மூடினாள். முகத்தில் இருந்த வெளிச்சம் எல்லாம் வடிந்துவிட்டது. டாம்சினால் அதைப் பார்க்கவே முடியவில்லை.

"கடைசி வரைக்கும் படிச்சேன்னு என் கையப் பிடிச்சுச் சொன்னியே."

"சொன்னேன்."

"என் மூஞ்சியப் பார்த்துத்தானே சொன்னே?"

"ஆமா."

ரோண்டா கொஞ்ச நேரம் பழைய சிநேகிதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ ஞாபகத்தில் தேடுகிறவள் மாதிரி இருந்தது.

"இதே மாதிரி இன்னொரு நாளும் என் கையப் பிடிச்சே. ஃபெர்கஸ் போன ரெண்டாம் நாள். எங்க வீட்டுச் சமையலறையில. படகுங்க எல்லாம் கடலைப் பங்கு போட்டுத் தேடினாங்க இல்ல, வடக்குப் பக்கம் ராஸோட பங்கு. வடக்குல ஒரு பாறை விடாம தேடியாச்சு, கடைசி வரைக்கும் போய்ட்டு வந்தாச்சுன்னு சொன்னே. அத நம்பித்தான் சர்ச்சுல அவனுக்குச் சாவுப் பிரார்த்தனை வெக்க நான் ஒத்துக்கிட்டேன். நீ சொன்னேங்கறதுக்காக."

நோலா வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதையும் இப்படித்தான் சொன்னியா?"

"அம்மா, எழுந்திரு, போலாம்," என்றாள் டாம்சின். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கேட்கறேன் இல்ல நோலா?"

நோலா தலையை நிமிர்த்தவில்லை. இதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஊரில் ராஸின் பெயர் அப்படியே இருந்திருக்கும். அவளிடம் இன்னொரு பொய்க்குச் சக்தி இல்லை.

"காத்து திரும்பிடுச்சு," என்றாள். "முதல் நாள் சாயங்காலம். அலை ஏறிடுச்சு. படகுல கூட ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்களுக்கும் குடும்பம் இருக்குன்னு ராஸ் திரும்பிட்டார். மறுநாள் விடிஞ்சதும் மிச்சத்தப் பார்த்துடலாம்னு நினைச்சு, ரேடியோவுல தேடி முடிச்சாச்சுன்னு சொல்லிட்டார். மறுநாள் கடல் விடவே இல்ல. அப்புறம் சொல்ல வாய் வரல. சாகற வரைக்கும் வரல. தூக்கத்துல எழுந்து உட்கார்ந்துப்பார்."

"அப்பாவா?" என்றாள் டாம்சின். யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

"எங்க திரும்பினாங்க?"

"செம்பாறை முனையில."

"அதுக்கு அந்தாண்ட எத்தனை குடா இருக்கு?"

"மூணு."

"மூணுலயும் கரை ஏற இடம் இருக்கு," என்றாள் ரோண்டா. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "முதல் நாள் சாயங்காலம்தானே? அவன் நல்லா நீந்துவான். முதல் நாள் சாயங்காலம் அவன் உயிரோட இருந்திருப்பான் இல்ல?"

"தெரியலடி. எனக்குத் தெரியல." நோலா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள்.

ரோண்டா எழுந்து உள்ளே போனாள். வரும்போது காலில் தடித்த பூட்ஸ் போட்டிருந்தாள். படியில் உட்கார்ந்து, நோலாவுக்குப் பக்கத்திலேயே, ஒரு அவசரமும் இல்லாமல் இரண்டு கயிற்றையும் இழுத்துக் கட்டினாள். இருவர் தோளும் உரசிக்கொண்டன. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆன்ட்டி, எங்க போறீங்க?" டாம்சின் அவள் கையைப் பிடித்தாள். "அது வடக்க இருக்கு. இங்கருந்து ரெண்டு நாள் நடக்கணும். ரெண்டு வருஷம் ஆச்சு ஆன்ட்டி."

ரோண்டா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"மூணு குடா பாக்கி இருக்குன்னு சொன்னா இல்ல உங்கம்மா," என்றாள்.

மணலில் இறங்கி வடக்கே நடக்க ஆரம்பித்தாள். நோலா படியில் குனிந்து உட்கார்ந்தபடி, ராஸ், ராஸ் என்று புருஷன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரில் யாரைத் தனியாக விடுவது என்று தெரியாமல் டாம்சின் நடுவில் நின்றாள்.